கோடின்றி ஆழம்: மூன்று சனிக்கிழமை ஓவிய வகுப்பு

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூன்று சனிக்கிழமைகள் தமிழில் நடந்த ஓவிய வகுப்பில் சேர்ந்திருந்தேன். தட்டையான வடிவங்களையும் வண்ணங்களையும் மட்டுமே கொண்டு படத்தில் அண்மையையும் தொலைவையும் உணர்த்துவது பாடம். கட்டணம் 120 வெள்ளி. வண்ணமும் தாளும் அதில் அடக்கம்.

முதல் வகுப்பில் தூரிகைக்கே வேலையில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்திலிருந்து தெரியும் காட்சியை வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும்; நிழல் தீட்டவோ, ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் கோடுகளைப் போடவோ கூடாது. ஒரு வடிவம் இன்னொன்றை மறைத்தால் எது முன்னே நிற்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு கட்டடத்தின் அடிவிளிம்பு தாளில் மேலே ஏற ஏற அக்கட்டடம் தள்ளிப் போகிறது. வண்ணத்துக்கு வந்தபோதுதான் நான் தடுமாறினேன். செம்மஞ்சள் முன்னே வரும், நீலம் பின்வாங்கும் என்ற பழைய பாடத்தை அப்படியே நம்பியிருந்தேன். ஆசிரியர் ஒரே செம்மஞ்சள் சதுரத்தை முதலில் கருநீலத் தாளின்மீதும், பிறகு செம்பழுப்புத் தாளின்மீதும் வைத்துக் காட்டினார். முதல் தாளில் எழும்பி நின்ற சதுரம் இரண்டாவதில் ஏறக்குறையப் பின்னணியோடு படிந்துவிட்டது. பக்கத்து வண்ணத்தோடு உள்ள வேறுபாடுதான் ஒரு வண்ணத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறது என்பதை அந்த ஒரு நிமிடத்தில் என் கண்ணே கற்றுக்கொண்டது. என் படத்தில் தொலைவிலிருந்த கட்டடத்தின் பச்சைத் தாளை எடுத்துவிட்டு, வானத்தின் நிறத்தை ஒட்டிய வெளிர் சாம்பலை வைத்தேன். நம் ஊரின் ஈரக்காற்றில் எட்டத்துக் கட்டடங்கள் வெளிறித் தெரிவதைப் போலவே அது விலகிச் சென்றது. அந்தப் பயிற்சிக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் மனமுவந்து கொடுக்கலாம்.

இரண்டாம் வகுப்பில் குவாஷ் என்னும், நீரில் கரைத்துப் பூசும் ஒளிபுகா வண்ணத்தைக் கொடுத்தார்கள். அதில் வெளிர் நிறங்கள் உலர்ந்தபின் சற்றுக் கறுக்கும், அடர் நிறங்கள் சற்று வெளிறும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நுண்ணிய நிறவேறுபாட்டையே நம்பியிருக்கும் பாடத்தில் இது சிறு குறையன்று. ஈரத்தில் சரியாக அமைந்த வானமும் கட்டடமும் உலர்ந்ததும் ஒரே தளத்தில் நின்றன. கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் பூசி உலரவிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாலே போதும். ஓர் ஆசிரியருக்குப் பதினான்கு பேர் என்பதும் அதிகம்.

மூன்றாம் சனிக்கிழமை தேசியக் கலைக்கூடத்திற்குச் சென்றோம். நிரந்தரக் காட்சிகளுக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. சிங்கப்பூர் ஓவியர் லியூ காங் 1954இல் தீட்டிய, ஓவியர் ஒருவர் பாலித் தீவுப் பெண்ணைப் பார்த்து வரையும் படத்தின்முன் நெடுநேரம் நின்றோம். படத்தில் வரைபவர், 1952இல் லியூ காங்கோடு பாலிக்குச் சென்ற சக ஓவியர் சென் வென் சி. மெழுகு மறைத்த இடம் சாயமேறாமல் நிற்கும் பத்திக் துணியைப் போல, ஒவ்வொரு வடிவத்தையும் வெள்ளைக் கோடு சூழ்ந்திருக்கிறது. அந்தக் கோடு வண்ணங்களை ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து நிறுத்துவதால், நிழலின் துணையில்லாமலே உருவங்கள் தத்தம் இடத்தில் அமர்கின்றன. அச்சுப் பிரதியில் பலமுறை பார்த்தும் எனக்குப் பிடிபடாதது இது.

அடுத்த சுற்றில் குவாஷுக்கென இன்னொரு சனிக்கிழமையைச் சேர்க்கும்படி மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் மீண்டும் பதிவுசெய்வேன்.