ஓட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் ரேடியேட்டர் வால்வு: குளிர்ந்த அறைக்கு அல்ல, சூடான அறைக்கு

பெரிய வீட்டில் சென்ட்ரல் ஹீட்டிங் ஓடும்போது ஒரு அறையில் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும், கடைசி அறையில் ரேடியேட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். தண்ணீர் தடை குறைந்த வழியில்தான் ஓடும். பம்புக்கு அருகில் இருப்பவை தேவைக்கு மேல் இழுத்துக்கொள்ள, தொலைவில் இருப்பதற்கு மிச்சம்தான் போய்ச் சேர்கிறது. இந்தக் கோளாறைக் குறிவைத்து வந்தவைதான் டான்ஃபாஸின் டைனமிக் வால்வு, ஐஎம்ஐ ஹைமையரின் எக்லிப்ஸ் போன்றவை.

சாதாரண தெர்மோஸ்டாட் வால்வு அறை வெப்பத்தை மட்டும் பார்க்கும். காலையில் எல்லா அறையும் குளிர்ந்து கிடக்கும்போது எல்லா வால்வும் முழுசாகத் திறந்து நிற்கும். தொலைவு அறைகள் பட்டினி கிடப்பது அந்த நேரத்தில்தான். இந்த வகை வால்வுக்குள் கூடுதலாக ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கிறது. மற்ற அறைகள் மூடினாலும் திறந்தாலும், அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், வைத்த அளவுக்கு மேல் தண்ணீரை விடாது. ரேடியேட்டரின் மறுமுனையில் மூடிக்குள் இருக்கும் வால்வான லாக்‌ஷீல்டைத் திருகித் திருகிச் செய்யும் பேலன்சிங், அதாவது ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைப் பங்கிடுவது, ஒரே ஒரு நிலைக்குத்தான் சரியாக இருக்கும். வீட்டின் ஒரு பகுதியை மூடிவிட்டால் கணக்கு மாறிவிடும்.

செட்டிங் வைக்கக் கணக்கு ஒன்றுதான்: ரேடியேட்டர் தரும் வெப்பத்தின் வாட்டை 1.16-ஆலும், போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தாலும் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 1,500 வாட், 20 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 65 லிட்டர். எக்லிப்ஸின் வளையத்தில் ஒரு எண் 10 லிட்டர், ஆகவே 6-க்கும் 7-க்கும் நடுவே. டான்ஃபாஸுக்கு 25 முதல் 135 லிட்டர் வரை; எந்த எண்ணுக்கு எவ்வளவு என்பதைக் கூட வரும் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கேட்டலாக்கில் உள்ள வாட் பெரும்பாலும் 75 டிகிரியில் போய் 65-இல் திரும்பும் தண்ணீருக்கு, 20 டிகிரி அறையில் அளந்தது. பாய்லரை 55-க்கு வைத்து 45-இல் திரும்பினால் அதே ரேடியேட்டர் ஏறக்குறைய பாதிதான் தரும். கேட்டலாக் எண்ணை அப்படியே போட்டால் வால்வு தேவையில்லாமல் அகலத் திறந்திருக்கும்.

பலர் செய்யும் தப்பு, குளிர்ந்த அறைக்கு ஒன்றே ஒன்று வாங்கி மாட்டுவது. அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த வால்வு கட்டுப்படுத்தும், தள்ளாது. காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால், அளவுக்கு மீறிக் கொதிக்கும் முதல் ரேடியேட்டர்களில் தொடங்குங்கள். திருடனைப் பிடித்தால் கடைசி அறைக்குத் தண்ணீர் தானாகப் போகும்.

மாட்டிய ரேடியேட்டரில் லாக்‌ஷீல்டை முழுசாகத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு இடத்தில் நெரிக்கும். கடைசி வால்வில் 10 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீர் உயர அழுத்தம் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வேலையே செய்யாது. அதற்காகப் பம்பை உச்சத்தில் வைத்தால் சீறல் சத்தம் வரும். ரூம் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வு இருக்கலாம், அறை வெப்பத்தைப் பார்த்து அதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் தலை மட்டும் வேண்டாம்.

வாங்கும் முன் கையால் தடவிப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சூடென்றால் காற்று. ப்ளீட் செய்தால், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றினால் போதும். மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் ஜில்லென்றால் கறுப்புச் சேறு, புது வால்வு அதை மாற்றாது. சொல்லப்போனால் சேறு இந்த வால்வுகளுக்கே முதல் எதிரி, இடைவெளிகள் அத்தனை நுண்மை. முதலில் ஃப்ளஷ் செய்து சேற்றை அலசுங்கள், பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர், பிறகு துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் மருந்து. ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கச் செத்துக் கிடந்தால் தலையைக் கழற்றி வால்வின் நடுவில் நீட்டி நிற்கும் ஊசியை அழுத்துங்கள். அழுத்தி விட்டதும் எகிற வேண்டும். எகிறாவிட்டால் லேசாகத் தட்டி அசைக்கலாம். குறடு போட்டு இழுத்தால் ஊசியோடு தண்ணீரும் வெளியே வரும்.

போகும், திரும்பும் தண்ணீரின் வெப்பத்தை அளக்க இன்ஃப்ராரெட் துப்பாக்கியைப் பளபளக்கும் செம்புக் குழாய் மேல் காட்டாதீர்கள், குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அதன்மேல் அளந்தால் எண்ணை நம்பலாம்.

குழாயே சிறுத்திருந்தால் எந்த வால்வும் காப்பாற்றாது. 15 மி.மீ. செம்புக் குழாயில், 11 டிகிரி வித்தியாசத்தில், சுமார் 6 கிலோவாட் வரைதான் நிம்மதியாகப் போகும். அதே கிளையில் ஏழெட்டுப் பெரிய ரேடியேட்டர்களைக் கோத்திருந்தால் வித்தியாசத்தை 20 டிகிரிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், அதே குழாய் 10 கிலோவாட்டைத் தாண்டும். போவதும் திரும்புவதும் ஒரே குழாயாக இருக்கும் பழைய ஒற்றைக் குழாய் அமைப்பு என்றால் இந்த வால்வை வாங்கவே வேண்டாம்; அதற்குத் தடை மிகக் குறைந்த வேறு வகை இருக்கிறது.