ஊகமா, அகராதியா, மின்வாசிப்பானா: பிரிட்டிஷ் நாவலில் இடறும் சொற்கள்

பிரிட்டிஷ் துப்பறியும் நாவல்களில் இடறும் சொற்களுக்கு மூன்று வழிகளிலும் பொருள் தேடிப் பார்த்துவிட்டேன். இப்போது, சொல்லின் மேல் விரலை வைத்தால் பொருள் காட்டும் மின்வாசிப்பானின் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

ஊகத்துக்குச் செலவில்லை. 'ஃபோர்ட்நைட்' என்றால் இரண்டு வாரம் என்பது நாலு பக்கத்தில் தானே விளங்கிவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதியும் வீட்டில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு நல்ல தமிழ் கிடைக்கும் சுகம் அதில்தான். ஆனால் படுத்துக்கொண்டு படிக்கிறவன் நான்.

என் முடிவுக்குக் காரணம் தெரியாத சொற்கள் அல்ல, தெரிந்தவைபோல் நடிக்கும் சொற்கள். ஒரு கதையில் 'பேண்ட்ஸ்' மட்டும் அணிந்த ஒருவன் கதவைத் திறக்கிறான். பக்கத்து வீட்டு அம்மாள் ஏன் முகத்தைத் திருப்பினாள் என்று விளங்கவே இல்லை. நாம் பேண்ட் என்றால் முழுக்கால்சட்டை, அங்கே ஜட்டி! வடக்கு இங்கிலாந்துக் கதை ஒன்றில் பிள்ளைகளை 'டீ'க்குக் கூப்பிட்டார்கள். நான் கோப்பையை எதிர்பார்க்க, இறைச்சியும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்தன. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மாலைச் சாப்பாட்டுக்கே அந்தப் பெயர். இத்தகைய இடங்களில் ஊகிக்க வேண்டும் என்றே தோன்றாது. லேசாகச் சந்தேகம் தட்டினாலும் அதற்காக எழுந்துபோய் அகராதியைப் புரட்ட யாருக்கு மனம் வரும்? விரலால் அழுத்திப் பார்க்க வரும்.

கருவியில் எந்த அகராதி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் அமெரிக்க அகராதி இருந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் போட்டிருந்த 'ஜம்பர்' மேல் விரலை வைத்தால், பெண்கள் அணியும் கையில்லாத கவுன் முதலில் வந்து நின்றது. பிரிட்டிஷ் அகராதிக்கு மாற்றிய பிறகுதான் மனிதர் ஸ்வெட்டருக்குத் திரும்பினார்.

பழைய காசுக் கணக்கில் ஊகம்தான் ஜெயிக்கிறது. 1971 வரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 21 ஷில்லிங் என்றால் அது கினி. இதையெல்லாம் எந்த அகராதியும் சொல்லும். ஐந்து கினி அந்தக் கதாபாத்திரத்துக்குப் பெரிய தொகையா என்பதை அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு மண்டிய நாவல் ஒன்றே ஒன்றுதான் படித்திருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. அதில் பல சொற்களுக்குக் கருவி கையை விரித்துவிட்டது. வாய்விட்டுப் படித்தபோது சில பிடிபட்டன.