முட்டிவலிக்கு மாத்திரையா, ஊசியா, ஜெல்லா, தைலமா?

குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பவர்களுக்கு முட்டிவலியும் இடுப்புவலியும் கூடவே வருபவை. மெடிக்கலில் மாத்திரை, ஊசி, ஜெல் எது வாங்கினாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது டைக்ளோபினாக் என்ற வலி மருந்துதான். உடம்புக்குள் போகும் வழிதான் வேறு.

50 மி.கி. மாத்திரையின் மேல்பூச்சு இரைப்பை அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் கரையும். பொடித்துப் போட்டால் அந்தக் காப்பு போயிற்று. உறிஞ்சப்பட்டது முதலில் கல்லீரலுக்குப் போய் அங்கே ஏறக்குறையப் பாதி சிதைகிறது. ரத்தத்தில் உச்ச அளவு வர வெறும் வயிற்றில் சுமார் 2 மணி நேரம்; சாப்பிட்டபின் என்றால் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் 'கேட்கலையே' என்று இன்னொன்று போடுவதுதான் வழக்கமான தப்பு.

தசையில் போடும் 75 மி.கி. ஊசிக்குக் குடலும் இல்லை, கல்லீரலின் முதல் வடிகட்டலும் இல்லை. 20–30 நிமிடத்தில் உச்சம். ஆனால் 'ஊசி வயிற்றைக் கெடுக்காது' என்பது வெறும் நம்பிக்கை. இரைப்பைச் சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டினை இந்த மருந்து ரத்தம் வழியாகவே குறைத்துவிடும். இடம் தவறிப் போட்டால் கால் நரம்பும் அடிபடும். தீராத வாந்தி, தாங்க முடியாத வலி இருந்தாலொழிய ஊசி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

முட்டிக்கு எங்கள் ஓட்டு ஜெல்லுக்கே. மாத்திரையோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும், ஆனால் மூட்டருகே போதுமான அளவு இறங்கும். பட்டாணி அளவு தடவினால் பலன் இருக்காது: ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 2–4 கிராம், நாளுக்கு 3–4 முறை. அப்படித் தடவினால் 30 கிராம் டியூப் சில நாளில் தீர்ந்துவிடும், அதுதான் சரியான கணக்கு. ஊட்டிக் குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி உறிஞ்சுதல் குறையும்; அறை சூட்டில், உலர்ந்த தோலில் தடவுங்கள். இடுப்பு ஆழமான இடம், அங்கே ஜெல் எட்டாது, மாத்திரையே மேல்.

ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் அநேகமாக முழுக்க மீத்தைல் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவான வலி மருந்து. தடவியபின் வெந்நீர்ப் பை வைத்தாலோ இறுக்கிக் கட்டினாலோ ரத்தத்தில் ஏறுவது கூடும், தோலும் வெந்துபோகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். 5 மில்லி வாய்க்குள் போனால் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.