பத்து மெஷின் லைன் எவ்வளவு தரும்? மூன்று கணக்குகள்

பத்து மெஷின்கள் வரிசையாக நிற்கும் ஒரு லைன். ஒவ்வொன்றும் 95 சதவீத நேரம் நல்ல நிலையில் இருக்கும். மீதி 5 சதவீதம் பிரேக்டவுன். மொத்த லைன் எவ்வளவு தரும்? ஆபீஸ் ரூமில் கேட்டால் "தொண்ணூறாவது வரும் சார்" என்பார்கள். மெஷின்களுக்கு இடையே பீஸ் தேக்க இடமே இல்லையென்றால் வருவது 60 சதவீதம்தான், 0.95ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். ஓடும்போது மட்டுமே மெஷின் பழுதாகும், சும்மா நிற்கும்போது ஆகாது என்று எடுத்துக்கொண்டால் 65.5. இடையிடையே வேண்டிய அளவு இடம் இருந்தால் 95. மெஷின்கள் அதேதான், விடைதான் மூன்று. எந்தக் கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டும், எது மறைக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஓ.இ.இ., அதாவது மெஷினின் மொத்தப் பயன்திறனைக் காட்டும் எண். எல்லாத் தொழிற்சாலைச் சுவரிலும் தொங்குவது இதுதான். ஜப்பானில் நகாஜிமா பரப்பிய டி.பி.எம். என்ற மெஷின் பராமரிப்பு முறையோடு வந்தது. மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸின் பங்கு மூன்றையும் பெருக்க வேண்டும். 90, 95, 99 என்று வைத்தால் 84.6 வரும், "உலகத்தரம் 85" என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியது. தனி மெஷினுக்கு இது அருமையான கருவி. நேரம் எங்கே போகிறது என்று ஆபரேட்டருக்கே புரிந்துவிடும். லைனுக்குப் போட்டால்தான் சங்கடம். மூன்றாவது மெஷினின் ஓ.இ.இ.யை ஏற்ற வேண்டும் என்று அதை விடாமல் ஓட்டுவார்கள். அடுத்த மெஷினால் வாங்க முடியாத பீஸ் தரையில் குவியும். எண் ஏறும், டிஸ்பாட்ச் ஏறாது.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. 19 மணி நேரம் ஓடி 1 மணி நேரம் நிற்கும் மெஷினும் 95தான். 19 நிமிடம் ஓடி 1 நிமிடம் நிற்கும் மெஷினும் 95தான். ஓ.இ.இ.க்கு இரண்டும் ஒன்று. நிமிடத்துக்கு ஒரு பீஸ் வரும் லைனில் முதல் வகை மெஷின் நிற்கும்போது அடுத்தது பசியில்லாமல் ஓட 60 பீஸ் கையிருப்பு வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு மெஷின்களுக்கு நடுவே ரேக் சராசரியாகப் பாதிதான் நிறைந்திருக்கும் என்பதால் 120 பீஸுக்கு இடம் தேட வேண்டும். இரண்டாவது வகைக்கு ஒரு சின்ன ட்ரே போதும்.

இதைப் பிடிப்பது சூத்திர வழி. இரண்டு பிரேக்டவுனுக்கு இடைப்பட்ட சராசரி நேரம், சரிசெய்ய ஆகும் சராசரி நேரம், இடையில் எத்தனை பீஸ் நிற்கலாம் என்பவற்றைக் கொடுத்தால் லைனின் உற்பத்தியைக் கணித்துச் சொல்லும். ஆய்வாளர் பசகாட் 1967இல் எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படைகளில் ஒன்று. நீண்ட லைனை இரண்டிரண்டு மெஷின் ஜோடிகளாகப் பிரித்துக் கணக்கிடும் வழியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கெர்ஷ்வின் 1987இல் வெளியிட்டார். ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்க வேண்டாம். 1993இல் எச்.பி. நிறுவனம் இங்க்ஜெட் பிரிண்டர் தயாரிக்கத் திட்டமிட்ட தானியங்கி லைன் இலக்கைத் தொடாது என்று தெரிந்தபோது, எம்.ஐ.டி. குழு இந்த முறையில்தான் அலசியது. அளவு பார்த்து வைத்த சிறு தேக்கிடங்களும் வேறு சில மாற்றங்களும் சேர்ந்து உற்பத்தித் திறனைச் சுமார் 50 சதவீதம் உயர்த்தின. கூடுதல் வருவாய் 28 கோடி டாலர் என்று பின்னர் கணக்குக் காட்டினார்கள்.

ஆனால் சூத்திரம் ஒன்றை நம்பி உட்கார்ந்திருக்கிறது: மெஷின் நின்றதும் பழுது பார்க்கும் பிட்டர் வந்துவிடுவார்! பத்து மெஷினும் தனித்தனியே பழுதாகும் லைனில், நூறு மணி நேரத்தில் எட்டரை மணி நேரத்துக்கு மேல் இரண்டோ அதற்கு மேலோ ஒரே சமயத்தில் நிற்கும். ஒரே பிட்டர் என்றால் ஒன்று காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருக்கக் காத்திருக்க அந்த எட்டரையும் கூடும். பல மெஷினுக்கு ஓர் ஆள் என்ற எளிய கணக்கை ஸ்வீடனின் கோனி பாம் 1947இலேயே போட்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் வேறு, மெக்கானிக்கல் பிட்டர் வேறு, இரவு ஷிப்டில் ஸ்டோர் பூட்டியிருக்கும், இரண்டு மாடலுக்கு நடுவே செட்டிங் மாற்ற வேண்டும் என்று சேர்ந்துகொண்டே போனால், லைனைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன்தான் வழி. மென்பொருளுக்குக் காசில்லையென்றால் பைத்தான் நிரல் மொழியில் சிம்பை என்ற தொகுப்பு இலவசம். ஒரே ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் பலமுறை ஓட்டி, தொடக்கத்தில் லைன் நிரம்பும் நேரத்தைக் கழித்துவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும்.

சிமுலேஷன் படம் திரையில் அழகாக ஓடும். அந்த அழகில்தான் ஆபத்து. நான் பார்த்த ஒரு லாக் புக்கில் எல்லாப் பிரேக்டவுனும் 10, 20, 30 நிமிடம்தான். 10 நிமிடத்துக்குக் குறைந்ததை யாரும் எழுதவேயில்லை. இந்த எண்களைச் சிமுலேஷனுக்கு ஊட்டினால், ட்ரே போதும் இடத்துக்குக் கம்ப்யூட்டர் பெரிய ரேக் கேட்கும்.

என் தேர்வைக் கேட்டால், ஒரே பொருள், நேர் லைன் என்றால் சூத்திரம். ஒரு மதியத்தில் விடை கிடைக்கும். ஆள் பகிர்வும் பல மாடலும் வந்தால் சிமுலேஷன், அதுவும் சூத்திர விடையோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகு. ஓ.இ.இ. அந்தந்த மெஷின் பக்கத்துப் பலகையிலேயே இருக்கட்டும். எதைத் தொடங்கும் முன்னும் இரண்டு வாரம் ஒவ்வொரு நிறுத்தத்தையும், ஒரு நிமிடமானாலும், கடிகாரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். நின்ற நேரம், பிட்டர் வந்த நேரம், மறுபடி ஓடிய நேரம் என்று மூன்று நேரங்கள் போதும்.