எஸ்.சி.ஐ.: துப்பாக்கி வந்ததும் மாறிப்போன துரத்தல்

ஜப்பானிய நிறுவனமான டைட்டோவின் சேஸ் ஹெச்.க்யூ. (1988) குற்றவாளியின் காரை இடித்து இடித்தே மடக்கும் ஆர்கேட் வீடியோ ஆட்டம். 1989இல் அதன் தொடர்ச்சியாக எஸ்.சி.ஐ. (ஸ்பெஷல் கிரிமினல் இன்வெஸ்டிகேஷன்) வந்தது. கறுப்பு போர்ஷே போய்ச் சிவப்பு நிசான் 300இசட்எக்ஸ்; கூட்டாளி கூரைவழியே எழுந்து சுடுவார். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் (MAME) எமுலேட்டரில், வீலும் பெடலும் வைத்து நெடுநாள் ஆடியபின் உறுதியாகச் சொல்லலாம்: இதில் குறிபார்ப்பது விரல் அல்ல, ஸ்டியரிங்தான். குண்டு காருக்கு நேர் முன்னால்தான் பாயும்.

அதனால் வீல் அமைப்பில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. 900 பாகை சுழலும் வீலை அப்படியே விட்டால் வளைவில் கை சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும், கார் சாலையோரம் ஒதுங்கிவிடும். வீலின் மென்பொருளில் 270க்குக் குறையுங்கள். மேம் தானாகவே நடுவில் ஒரு டெட்ஸோன், அதாவது அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி, வைக்கும். நடுவில் லேசாகத் திருப்பினால் கார் அசையாது, பிறகு வெடுக்கென்று தாவும். அமைப்புக் கோப்பில் அதைப் பூஜ்ஜியமாக்குங்கள். டேப் விசை அழுத்தி, அனலாக் பகுதியில் சென்சிடிவிட்டியைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கி, நேர்ச்சாலையில் சோதித்துப் பாருங்கள். கார் நடுக்கோட்டில் ஆடாமல் நின்றால் அளவு சரி.

கியர் லோ, ஹை இரண்டே. மேமில் அது ஒருமுறை அழுத்தினால் மாறும் டாகிள். மேலும் கீழும் தள்ளும் லீவரை அதற்குக் கொடுத்தால், லீவர் ஒன்றைக் காட்டும், ஆட்டம் வேறொன்றில் ஓடும். வீலின் பின்னாலுள்ள ஒரு பேடிலுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அசல் ஆர்கேட் பெட்டியில், வேகத்தைச் சட்டென்று கூட்டும் டர்போவின் பொத்தான் கியர்க் கைப்பிடியில், சுடும் பொத்தான் வீலில். வீட்டிலும் அப்படியே பிரித்துக்கொண்டால் ஒரு கை திணறாது.

புதிதாக ஆடுபவர்கள் டர்போவை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். அது எண்ணிக்கை குறைந்த சொத்து. இலக்கு கார் கண்ணில் பட்டபின் இடைவெளியை மூடத்தான் அது வேண்டும். பின்னால் ஒட்டியதும் அதே தடத்தில் நின்று சுடுங்கள். இலக்கு கார் விலகும்போது விரட்டித் திருப்பினால் குண்டுகள் வெற்றுச் சாலையில் போகும். அரை நொடி ஆக்ஸிலரேட்டரை விட்டு, அதன் பின்னால் மறுபடி நேராக வந்து நிற்பதே பலன் தரும். ஹெலிகாப்டர் போடும் ராக்கெட் லாஞ்சரில் குண்டுகள் குறைவு. வளைவில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கன்சோலில் வேண்டுமானால், 1996இல் ஜப்பானில் சேகாவின் சாட்டர்ன் கன்சோலுக்கு இரண்டு ஆட்டமும் ஒரே வட்டில் வந்தது.