ஒரு நோயாளி, மூன்று மேற்பார்வையாளர்கள்: கோவையில் ஒரு பிசியோதெரபி போஸ்டிங்

பிசியோதெரபி படிப்பின் நான்கு ஆண்டுகளை முடித்து ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடும் தம்பி, தங்கைகளுக்காக, நான் நரம்பியல் போஸ்டிங் (நரம்பியல் பிரிவில் பயிற்சிக் காலம்) முடித்த கோவைத் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கற்பதற்கு அங்கே பஞ்சமே இல்லை. கோபியிலிருந்து வந்த மஞ்சள் விவசாயியும் சோமனூரில் தறி ஓட்டியவரும் பக்கவாதத்தோடு அடுத்தடுத்த கட்டில்களில் இருப்பார்கள். அவர்களை முதல் நாள் மதிப்பீட்டிலிருந்து நடக்க வைப்பது வரை மாணவர்களை நம்பி ஒப்படைக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் நன்றாகவே இருந்தன.

குறை மேற்பார்வையில் இருக்கிறது. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், இடையிடையே துறைத்தலைவர் என மூவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். ஆனால் மூவரில் யாருடைய முடிவு இறுதியானது என்று யாரும் சொல்வதில்லை. காலையில் வரும் மேடம் பொபாத் என்ற பக்கவாதச் சிகிச்சை முறையில் ஊறியவர். நோயாளி சிரமப்பட்டு முயன்றால் கையின் இறுக்கம் கூடிவிடும் என்று கருதி, உடலின் நிலையைச் சரிசெய்து அசைவைத் தம் கையாலேயே வழிநடத்துவார். மாலையில் வரும் சார், ஆஸ்திரேலியாவின் கார், ஷெப்பர்ட் இருவரும் 1980களில் முன்வைத்த மோட்டார் ரீலேர்னிங் (அசைவுகளை மீண்டும் கற்றல்) வழியைப் பின்பற்றுபவர். டம்ளரை எடுப்பது, நாற்காலியிலிருந்து எழுவது போன்ற அன்றாட வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். ஒருநாள் மாலை அந்த விவசாயி என்னிடம் கேட்டார்: "ஏனுங் அம்மணி, காத்தால அவங்க கையை இறுக்காதீங்கன்னு சொல்றாங்க, பொழுதோட இவரு டம்ளரைப் புடி புடிங்கறாரு, நான் யாரு சொல்றதைக் கேக்கறது?"

வலுவூட்டும் பயிற்சி முன்பு அஞ்சியதுபோல் இறுக்கத்தைக் கூட்டுவதில்லை என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொபாத் முறையும் பழைய வடிவில் நிற்கவில்லை. இதை ஒரு மாணவி மேடத்திடம் வாதமாக வைப்பதால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. எனக்குக் கைகொடுத்தது நோயாளியின் நிலையைக் குறிக்கும் கேஸ் ஷீட்தான். மாற்றியமைக்கப்பட்ட ஆஷ்வொர்த் அளவில் (இதில் 1+ என்றால் லேசான இறுக்கம்) முழங்கையின் இறுக்கத்தையும், 56 மதிப்பெண் கொண்ட பெர்க் அளவில் சமநிலையையும் ஒரே மாதிரி அளந்து எழுதி, சிகிச்சை தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை மேற்பார்வையாளர்கள் முன் வைத்தேன். "மேடம் வேறு மாதிரி சொன்னாங்க" என்று ஒருபோதும் தொடங்காதீர்கள். அது புகாராகவே காதில் விழும். "காலையில் இப்படிச் செய்தோம் சார், இறுக்கம் 1+ இருந்தது, இப்போது எதைக் கவனிக்கட்டும்?" என்று கேட்டால், பேச்சு ஆளை விட்டுவிட்டு நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது. மூவரும் ஒத்துப்போகும் இடங்களும் நிறைய உண்டு. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தலைக்கு மேல் கப்பி கட்டித் தோளை இழுக்கக் கூடாது என்பதில் அவர்களுக்குள் ஒரு சொல் வேறுபாடும் இல்லை. சிகிச்சைத் திட்டத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கினால் பாதி முரண் தானாகக் கரைகிறது.

ஆனாலும் இந்தச் சுமை பயிற்சிக்கு வந்தவர் தோளில் விழ வேண்டியதன்று. ஒரு மாணவருக்கு ஒரு முதன்மை மேற்பார்வையாளர் என்று நிர்வாகம் எழுதி வைத்து, வாரத்தில் அரை மணி நேரம் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும். மாலைப் பணியை ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவர் கடைசியில் மதிப்பெண் போடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வேறெங்காவது ஒரு போஸ்டிங் முடித்துக் கை ஓரளவு பழகியவர்களுக்கு இந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; முதல் போஸ்டிங்காக எடுக்க வேண்டாம். சேரும் அன்றே லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) கையெழுத்திடப் போவது யார், இடைக்கால மதிப்பீடு எப்போது என்ற இரண்டையும் துறைத்தலைவரிடம் கேட்டு, அவர் முன்னாலேயே முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.