புதுநன்மைப் பயிற்சி நூல்: பாதி அருமை, பாதி சுமார்

மகளின் புதுநன்மைக்காக (கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை, அதாவது திருப்பலியில் தரும் திரு அப்பம், வாங்குவது) பங்குக் கோயில் புத்தகக் கடையில் வாங்கியது. பாவசங்கீர்த்தனப் பகுதி, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது பற்றிய பகுதி, அருமை. பத்துக் கட்டளைகளை வைத்துக் கேட்கும் ஆன்மச் சோதனைக் கேள்விகள் எல்லாம் பிள்ளைகள் பேசும் மொழியில் இருக்கின்றன. “தம்பி பென்சிலை எடுத்துவிட்டு இல்லை என்றாயா?” என்ற இடத்தில் இவள் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டாள்! பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தை வரிவரியாகப் பிரித்திருப்பதால் சமைத்துக்கொண்டே சொல்லிக்கொடுக்க முடிந்தது.

நற்கருணைப் பகுதி சுமார்தான். நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர், மருந்து தவிர எதுவும் கூடாது என்பதையே காணோம். அப்புறம், எழுத்து ரொம்பப் பொடி. ஏழு வயதளவிலேயே புதுநன்மை கொடுக்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-இலேயே வழிவிட்டார். அந்த வயதுப் பிள்ளை இதை எப்படி வாசிக்கும்? தாளும் மெல்லிசு, ஸ்கெட்ச் பேனா ஊறுகிறது. கலர் பென்சில் கொடுங்கள்.